நடக்காதவன் சொன்னான் ‘ஸ்லோ’ன்னு

ஏண்டா, ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கங்க. பொங்கலுக்கு வந்த புள்ளைக கறியத் தின்னமா, மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சமான்னு இல்லாம, ஒரு படத்த வச்சுக்கிட்டு நேத்து ராத்திரியிலருந்து மல்லுக்கட்டுறீங்க. பெரியவன் ‘உலகத்தரம்’ங்கிறான். சின்னவன் ‘ஒரு ஆளு வேகாத வெயில்ல நடக்கிறான், பின்னாடியே ஒரு பய நடக்கிறான், இதுக்குப் பேரு படமா’ங்கிறான். ஒருத்தனுக்கு நான் அப்பத்தா, இன்னொருத்தனுக்கு அம்மாச்சி. எவன் பக்கம் பேசுனாலும் மத்தவன் வீட்டுல எனக்குக் கஞ்சி கெடையாது. அதனால ரெண்டு பேருக்கும் சேத்தே புத்தி சொல்லிடுறேன். கேட்டா கேளுங்க, கேக்காட்டி எனக்கென்ன நட்டம்?

‘கூழாங்கல்’ படத்த நானுந்தான பாத்தேன். டிவியில போனைக் கோத்துப் போட்டீங்களே, அப்ப மூலையில முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தது யாருன்னு நெனச்சீங்க? 2023 அக்டோபர்லயே சோனிலிவ்ல வந்துருச்சாமே. நம்ம மேலூர் வெயில எடுத்த படம் நம்ம வீட்டுக்கு வந்து சேர இத்தனை காலம்.

பெரியவனே, மொதல்ல உன் கதைக்கு வர்றேன். நீ புகழ்ற விதமே சரியில்லடா. இந்த மாதிரிப் படத்தப் புகழ்றதுக்குப் பட்டணத்துல ஒரு மொறை வச்சிருக்காக, அதக் கத்துக்க. படம் முடிஞ்சதும் பொசுக்குன்னு வாயத் தொறக்கக் கூடாது. கண்ணாடியக் கழட்டித் தொடைக்கணும். ‘அந்த மௌனம் இருக்கு பாருங்க…’ன்னு ஆரம்பிச்சு, முடிக்காம விட்டுடணும். நெலமும் ஒரு பாத்திரம்னு ஒருக்காவாவது சொல்லணும். ‘வலி’ங்கிற வார்த்தை ரெண்டு எடத்துல வரணும். எவனாச்சும் ‘கதை என்னங்க’ன்னு கேட்டுட்டா, அவனை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்துட்டு, பக்கத்துல இருக்கிறவன்கிட்ட பேசப் போயிடணும். நீ என்னடான்னா, ‘அந்தப் பய பாவம்டா’ன்னு எடுத்த எடுப்புலயே மனசுல பட்டதச் சொல்லிட்ட. இப்புடிப் பேசுறவன எவன்டா மேடையேத்துவான்?

சின்னவனே, சிரிக்காத. திட்றதுலயும் நீ கத்துக்குட்டிதான். தூங்கிட்டேங்கிற. சொன்ன கையோட எலி புடிக்கிற எடம் இப்புடி, நாய்க்குட்டிய எடுக்கிற எடம் அப்புடின்னு வெலாவாரியா அடுக்குற. தூங்குனவன் கனவுலயா நாய்க்குட்டி வந்துச்சு? ஒழுங்காத் திட்டணும்னா டிரைலரோட நிப்பாட்டிக்கணும். முழுசாப் பாத்தவன் திட்டுனா அதுல நாலு ஞாயம் கலந்துடும், கெட்டுப் போயிடும்.

அப்புறம் அந்த விருது. நேத்துலருந்து பெரியவன் அதத்தான் ஈட்டி மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கான். ராட்டர்டாம் படவிழாவுல, 2021 பிப்ரவரியில, புலி விருது. அந்த விழாவுக்கு அது 50வது வருசம். தமிழ்ப் படம் ஒன்னு அந்த விருத வாங்குனது அதுதான் மொத தடவையாம். 40,000 யூரோ பரிசு. அதே வருசம் 14 படத்துல இருந்து இதைப் பொறுக்கி, இந்தியா சார்பா ஆஸ்காருக்கும் அனுப்புனாக. அங்க 15 படப் பட்டியல்லயே பேரு வரல. சரி, போகட்டும். கொரோனா நேரம், ராட்டர்டாமுலயும் பாத்தவுக வீட்டுக்குள்ளதான் ஒக்காந்து பாத்திருக்காக. அங்கயும் ஒரு வீட்டுல ஒரு கெழவி மூலையில ஒக்காந்து கீரை ஆஞ்சிருப்பா. அவ என்ன சொன்னான்னு எவனும் எழுதலயே.

அது டச்சுக்காரன் தேசமாமே? ஒரு காலத்துல நம்ம நாகப்பட்டணத்துல வந்து கோட்டையில ஒக்காந்திருந்தவன். அவன் தேசத்துல கால்வாசி மண்ணு கடல் மட்டத்துக்குக் கீழ கெடக்குன்னும், வயக்காட்டுல நிக்கிற தண்ணிய வெளிய எறைச்சுத் தள்ளவே அந்தக் காலத்துல காத்தாடி கட்டி வச்சான்னும் பெரியவனே, நீதான சொன்ன. பாத்துக்க. தண்ணிய எறைச்சு எறைச்சு அலுத்துப் போனவன், தண்ணிக்கு வழியத்த ஊரப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு பரிசு குடுக்கிறான். அவனுக்கு இது அதிசயம். எங்கள மாதிரிப் பொம்பளைககிட்ட பரிசுப் பணத்தக் குடுத்தா, அந்தக் காத்தாடியப் படம் புடிச்ச பயலுக்குத்தான் குடுப்போம். அதுக்காக டச்சுக்காரனுக்கு ஒன்னும் தெரியாதுன்னு நான் சொல்ல வரல. அவன் குடுத்தான்னு நீ புடிச்சிருக்குங்காத, அவன் குடுத்தான்னு நீ புடிக்கலங்காத. ரெண்டு பேருமே டச்சுக்காரன் கையப் புடிச்சுக்கிட்டுதான சண்டை போடுறீங்க?

இப்ப ‘ஸ்லோ’வுக்கு வருவோம். நேத்து ராத்திரி மட்டும் சின்னவன் வாயிலருந்து அந்த வார்த்தை எத்தனை தடவை வந்துச்சுன்னு எண்ணியிருந்தா கீரையே ஆஞ்சிருக்க முடியாது.

இந்தக் கதை எங்க பொறந்துச்சு? டைரக்டர் வினோத்ராஜோட கூடப் பொறந்தவள, புருசன் வீட்ட விட்டு வெளிய தள்ளியிருக்கான். அந்தப் பொண்ணு கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு 13 கிலோமீட்டர் வெயில்ல நடந்தே அம்மா வீடு வந்து சேந்திருக்கா. அதப் பாத்த பய என்ன செஞ்சான்? படத்துல புருசனை நடக்க விட்டான். இதைவிடப் பெரிய பழி எந்தப் பஞ்சாயத்துல தீத்திருக்காக? நம்ம ஊருல பொண்டாட்டி நடப்பா, புருசன் பஸ்ல வந்து கூட்டிக்கிட்டுப் போவான். இதுல குடிகாரக் கணபதி, மவன் வேலுவ இழுத்துக்கிட்டு, பொண்டாட்டியத் தேடி மாமியார் ஊருக்குப் போறான், அவ அங்க இல்ல, கெளம்பிட்டாங்கிறாக. திரும்பி வர்றதுக்குள்ள வேலுப்பய பஸ்ஸுக்கு வச்சிருந்த நோட்டக் கிழிச்சுப் போட்டுட்டான். அப்பன் பஸ்ல போனா ஆத்தாளுக்கு முன்னாடி வீட்டுல நிப்பான், நின்னா அடிப்பான். நோட்டக் கிழிச்சா நமக்குத்தான் அடி, அதுவும் தெரியும் பயலுக்கு. தெரிஞ்சே கிழிக்கிறான். அங்கதான்டா அந்தப் பய பெரியாளாகுறான். நீங்க ரெண்டு பேரும் மீசை மொளச்சா பெரியாளுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க.

கணக்குப் போடு சின்னவனே. 13 கிலோமீட்டர, இடுப்புல புள்ளையோட, உச்சி வெயில்ல நடந்தா நல்ல காலு உள்ளவளுக்கே மூனு மணி நேரத்துக்குக் கொறையாது. அந்த மாதிரி ஒரு நடையத்தான் ஒன்னேகால் மணி நேரத்துல முடிச்சுக் குடுத்திருக்கான். இதைவிட வேகமா எப்புடிடா எடுப்பான்? கடைத்தெரு வரைக்கும் பைக்குல போற பயலுக்கு அது நீளமாத்தான் தெரியும். நீ நடந்து பாக்கணும்னு நான் சொல்லல. உன்னைய நடக்க விட்டா நடுவழியில ஆட்டோக்காரனுக்குப் போன் போட்டு என் பேரச் சொல்லி வரச் சொல்லுவ, அந்தக் காசு நான்தான் குடுக்கணும்.

இசை யுவன் சங்கர் ராஜான்னு பேரு போட்டதும் நீ எந்திரிச்சுப் போயி சவுண்டக் கூட்டி வச்சியே, அதப் பாத்துட்டுத்தான் இருந்தேன். வந்தது காத்துச் சத்தமும் காலடிச் சத்தமும். உன் மூஞ்சி போன போக்கு இருக்கே, அந்தப் படத்துலகூட அப்புடி ஒரு நடிப்பு இல்லப்பா.

பெரியவனே, உனக்கு மட்டும் எல்லாம் வெளங்கிருச்சுன்னு மெதப்புல ஒக்காந்திருக்காத. எலி புடிக்கிற எடத்துல ‘இதுதான் வறுமையோட முகம்’ன்னு என்னமோ சொன்னியே. அங்க நீ பாத்தது வறுமைய, நான் பாத்தது கைவேலைய. எலி வளைக்கு ஒத்தை வாசல் கெடையாதுடா. ஒன்னுல தொரத்துனா இன்னொன்னுல ஓடிடும். வரப்பச் சுத்தி வந்து அத்தனை ஓட்டையையும் தேடி மண்ண வச்சு அடைக்கணும். ஒன்ன மட்டும் விட்டு, சட்டியில கூளத்தப் போட்டுப் பொகைய உள்ள ஊதணும். காத்து எந்தப் பக்கம்னு பாக்காம ஒக்காந்தா பொகை திரும்பி அடிச்சு நம்ம கண்ணுதான் போவும். அறுப்புக் காலத்துல எலி இழுத்துட்டுப் போயி சேத்து வச்ச கதிரும் உள்ள கெடக்கும், தோண்டுனா நெல்லும் வரும். இத்தனையும் தெரிஞ்ச குடும்பத்தப் பாத்து நீ ‘உச்’ கொட்டுற. அவுக உன்னப் பாத்தா, ஓட்டை எந்தப் பக்கம்னு தெரியாத புள்ளைன்னு அவுகளும் ‘உச்’ கொட்டுவாக. வயித்துக்கு இல்லாமத்தான் புடிக்கிறாக, அத நான் இல்லேங்கல. ஆனா இல்லாதவன்கிட்ட இருக்கிறதையும் பாக்கணும்ல.

எனக்குப் புடிச்ச எடம் வேற. அந்த வேலுப்பயலுக்கு ஒரு ஒடஞ்ச கண்ணாடித் துண்டு கெடைக்குது. அதுல வெயிலப் புடிச்சு, முன்னாடி போற அப்பன் முதுகுல அடிக்கிறான். வேற எதால அடிப்பான் அந்தப் புள்ள? கையால அடிக்க முடியாது, வாயால கேக்க முடியாது. இதுக்கு ஒரு வசனம் வச்சிருந்தான்னா நானே எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருப்பேன்.

அந்தக் கல்லும் அப்புடித்தான். வாயில ஒரு கூழாங்கல்லப் போட்டு அதக்கிக்கிட்டே நடந்தா எச்சி ஊறும், நாக்கு ஒட்டாது. ஆடு மேய்க்கிற புள்ளைகளுக்குத் தெரியாததா? வீட்டுக்கு வந்து அந்தக் கல்லத் துப்பி எறியாம ஓரமா வைக்கிறான் பாரு, அங்க ஏற்கெனவே ஒரு குமி கல்லு கெடக்கு. அந்தக் குமியப் பாத்ததும் எனக்குக் கை ஓடல. அப்ப இது ஒரு நாள் நடை இல்ல. எத்தனை தடவை இந்தப் பய இப்புடி நடந்திருக்கான்? சின்னவன் ‘கதையே இல்ல’ன்னானே, கதை பூராவும் அந்தக் குமியிலதான் கெடந்துச்சு. பெரியவனும் அதப் பாக்கல. அவன் அந்நேரம் ‘பிரேம் எவ்வளவு அழகு’ன்னு யாருக்கோ மெசேஜ் போட்டுக்கிட்டு இருந்தான்.

அழகுன்னதும் ஞாபகம் வருது. படத்துல பாறை, பொட்டல், கானல் எல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கு. எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அரிட்டாபட்டி வட்டாரத்துல, நல்ல கோடையில எடுத்தான். கோடையில எந்த ஊருடா லட்சணமா இருக்கும்? பெரியாத்துக் கால்வாயில தண்ணி விடுற வருசம் மேலூர்ப் பக்கம் வந்து பாத்தா ஒரு போகம் நெல்லு பச்சப்பசேல்னு நிக்கும். அரிட்டாபட்டியிலேயே ஏழு மலை. கொடவரைக் கோயில் ஒன்னு, சமண முனிவருக படுத்த கல்லுப் படுக்கை, அதுக்கு மேல தமிழிக் கல்வெட்டு. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட மொதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசாங்கம் அறிவிச்சது இந்த ஊரத்தான். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேத்து 193 ஹெக்டேர். ஏரி குளம் 72, ஊத்து 200, வல்லூறு, ராசாளி, எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்புன்னு பட்டியல் போட்டாக. ஒரே மண்ணு. படத்தப் பாத்தவன் ‘ஐயோ, பொட்டக்காடு’ங்கிறான், அறிவிப்பப் படிச்சவன் ‘ஆகா, சொர்க்கம்’ங்கிறான். ரெண்டும் பொய்யில்ல. அந்தப் படம் ஒரு உச்சிப்பொழுது, அவ்வளவுதான். டைரக்டருக்கு அது தெரியும், அவன் மேலூர்ப் பக்கத்துப் பய. ராட்டர்டாமுல ஒக்காந்து பாத்தவனுக்குத் தெரியணும்னு இல்ல. மதுரையில பொறந்துட்டு உனக்குத் தெரியலயேங்கிறதுதான் என் வயித்தெரிச்சல்.

பொட்டக்காடுன்னு நம்புனவனும் ஒருத்தன் வந்தான்ல, டங்ஸ்டன் தோண்டுறேன்னு! 2024 நவம்பர்ல ஏலம் முடிஞ்ச சேதி வந்ததும் ஊரே எந்திரிச்சுது. 2025 சனவரியில நரசிங்கம்பட்டியிலருந்து மதுரை வரைக்கும் சனம் நடந்துச்சே, பொம்பளைக, கெழவிக எல்லாம். அந்த மாசக் கடைசிக்குள்ள டெல்லி ஏலத்த ரத்துப் பண்ணிருச்சு. அந்த நடையப் பாத்து எவனாச்சும் ‘ஸ்லோ’ன்னானா?

பெரியவனே, அந்தப் பய வினோத்ராஜப் பத்தி நீ வாசிச்சுக் காட்டுனது எனக்குப் புடிச்சுது. சின்ன வயசுலயே திருப்பூர் பனியன் கம்பெனி வேலை, அப்புறம் சென்னையில டிவிடி கடை, அங்க ஒக்காந்து படமாப் பாத்துத் தள்ளியிருக்கான், பெறகு மணல்மகுடி நாடகக்குழு. அடுத்து எடுத்த ‘கொட்டுக்காளி’யில பின்னணி இசையே வேணாம்னுட்டான். நடிச்சது சூரியும் அந்த மலையாளத்துப் பொண்ணு அன்னா பென்னும். பெர்லின் படவிழாவுக்குப் போயிட்டு, 2024 ஆகஸ்டு 23ல தியேட்டருக்கு வந்துச்சு. அன்னைக்கேதான் மாரி செல்வராஜோட ‘வாழை’யும் வந்துச்சு, அதுவும் ஒரு சின்னப்பய கதை. ‘வாழை’க்கு அழுதுக்கிட்டே வெளிய வந்த சனம், ‘கொட்டுக்காளி’க்கு ‘முடிஞ்சிருச்சா?’ன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு வந்துச்சாம். இதையெல்லாம் தியேட்டருக்கே கொண்டாந்திருக்கக் கூடாதுன்னு சினிமாக்காரங்களே பேசுனாக. நல்லாருக்குடா ஞாயம்! காசு குடுத்து உள்ள போனவனுக்கு ஏமாந்துட்டோம்னு சொல்ல உரிமை உண்டு, அத நான் மறுக்க மாட்டேன். பேப்பர்ல ஒரு மாதிரி வெளம்பரம் போட்டு வேற மாதிரி படத்தக் காட்டுனா யாருக்கும் கோவம் வரும். ஆனா நம்ம ஊருக் கதைய பெர்லின்ல காட்டலாம், நம்ம ஊருத் தியேட்டர்ல காட்டக் கூடாதுன்னா, அப்ப அந்தப் படத்துல ஒரு சேவல நடிக்க வச்சானே, அது யாருக்கு? அந்தப் படத்துல ஒரு ஆளாவது வாயப் பொத்திக்கிட்டு இருந்ததுன்னா அது அந்தச் சேவலுந்தான், அந்தப் பொண்ணுந்தான்.

அந்தப் பொண்ணுன்னு சொன்னதும் ‘கூழாங்கல்’லுக்கே திரும்பிக்கிறேன். ரெண்டு பேரும் ராத்திரி பூரா சண்டை போட்டீங்களே, ஒருத்தனாவது அந்த ஆத்தாக்காரி சாந்தியப் பத்திப் பேசுனீங்களா? படம் பூராவும் அவளத் தேடித்தான் நடக்கிறாக. அவ மூஞ்சிய நான் சரியாக் கண்டதாவே ஞாபகம் இல்ல. கடைசியில வீட்டுக்கு வந்து கேட்டா, தண்ணிக்குப் போயிருக்காங்கிறாக. அப்புறம் பள்ளத்தச் சுத்திப் பொம்பளைக. ஊறுற தண்ணிய மொண்டு மொண்டு குடத்துல ஊத்துறாக. அந்த எடத்துலதான் சின்னவன் ‘இன்னும் எவ்வளவு நேரம்டா’ன்னு மணியப் பாத்தான்.

ஒரு குடம் நெறையிற நேரம்டா. நான் அந்த மாதிரிப் பள்ளத்துல எறங்குனவ. மொதல்ல ஊறுறது கலங்கல். அத எறைச்சு வெளிய ஊத்திட்டு, தெளியிற வரைக்கும் குத்தவச்சே கெடக்கணும். பொறுக்க மாட்டாம சுரண்டுனா சேறுதான் ஏறும், அடுத்தவ ஏசுவா. பக்கத்துல நிக்கிறவ குடமும் நம்ம குடமும் ஒன்னுக்கு ஒன்னு முட்டும், சண்டை வரும், சண்டை முடியும், அதுவரைக்கும் அரைக்குடம் ஊறியிருக்காது. படக்காரன் அந்த எடத்துல வெட்டாம விட்டான் பாரு, அதுக்குத்தான் நான் கீரைத் தட்ட கீழ வச்சேன்.

ஆனா அதோட முடிச்சுட்டானே, அதுதான் எனக்குக் கோவம். அவ குடத்தோட வீட்டுக்கு வருவால்ல? உள்ள அந்தக் குடிகாரன் ஒக்காந்திருப்பான்ல? அப்ப என்ன ஆச்சு? ‘திறந்த முடிவு’ன்னு பெரியவன் வெளக்கம் குடுக்கிறான். எதுடா தொறந்திருக்கு? கதவு தொறந்திருந்தா அவ ஏன் வர்றா? அவளுக்கு ஒரு ஒன்னேகால் மணி நேரம் தனியா எடுக்கச் சொல்லு அந்தப் பயகிட்ட. பள்ளத்துல ஆரம்பிச்சு வீட்டு வாசல் வரைக்கும் அவ கூடவே வரட்டும். பரிசு கெடச்சாலும் கெடைக்கலன்னாலும் நான் பாக்குறேன். சின்னவன் வந்தா அவனுக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்துடு, வழக்கம் போல தூங்கிக்கிட்டே முழுசாப் பாக்கட்டும்.

சரி, எந்திரிங்க. கொழாயில தண்ணி விடுற நேரம், ஆறு வீட்டுக்கு ஒரு கொழாய். உங்க ஆத்தாளுக ரெண்டு பேரும் விடிஞ்சதுலருந்து அடுப்பு முன்னாடி நிக்கிறாளுக. ஆளுக்கு ரெண்டு குடத்த எடுத்துக்கங்க. வரிசையில நிக்கிற நேரத்துல மீதிச் சண்டையப் போட்டுக்கலாம். பெரியவனே, அந்தப் போனை இங்க வச்சுட்டுப் போ.